கொம்யூன் மக்களின் வாக்கும் உயர் நீதிமன்றத்தின் வாசிப்பும்

இந்தியக் குடியரசில் மாநிலங்களுக்கெனத் தனி அரசமைப்புச் சட்டம் இல்லை. ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் 1957 ஜனவரி 26 முதல் ஒன்று நடைமுறையில் இருந்தது. 2019இல் அதுவும் முடிவுக்கு வந்தது. ஆகவே தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ வாழும் ஒருவர், தம் உரிமை பறிக்கப்பட்டதாகக் கருதினால், நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே அரசமைப்பைத்தான் எடுத்துக்காட்ட முடியும். புதுச்சேரியின் நிலை இதைவிடச் சிக்கலானது. அது மாநிலமும் அன்று, மத்திய அரசு நேரடியாக ஆளும் வெறும் நிலப்பகுதியும் அன்று. சட்டமன்றமும் அமைச்சரவையும் கொண்ட யூனியன் பிரதேசம். கடலூர் சாலையில், அரியாங்குப்பம் கொம்யூன் என்னும் உள்ளாட்சிப் பகுதிக்குள் அமைந்த தவளக்குப்பத்தில் வாழும் ஒரு வாக்காளரின் உரிமைகள் எந்தச் சட்டங்களில் எழுதப்பட்டுள்ளன, அவற்றுக்கு யார் பொருள் உரைக்கிறார்கள், உரைத்த பொருள் அந்த ஊர் வரை வந்து சேர்கிறதா என்னும் கேள்விகள், புதுச்சேரியில் வேறெங்கையும்விட உயிர்ப்புள்ளவை. அவற்றுக்குக் கிடைத்துள்ள விடைகள் நிறைவளிப்பவையாக இல்லை.

கூட்டாட்சி முறையில் மாநில நீதிமன்றங்கள் உரிமைகளை எவ்வாறு வாசிக்கலாம் என்பதற்கு அமெரிக்கா ஒரு முனையில் நிற்கிறது. அங்கே 50 மாநிலங்களும் தனித்தனி அரசமைப்பு உடையவை. அவற்றுக்குப் பொருள் கூறும் இறுதி அதிகாரம் அந்தந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்கே உரியது. நாட்டின் பொது அரசமைப்பு தரும் உரிமைகளுக்குக் குறையாமல், அவற்றுக்கு மேலும் உரிமைகளைத் தம் மாநில அரசமைப்பிலிருந்து அந்த நீதிமன்றங்கள் எடுத்துரைக்கலாம். 1973 மார்ச் மாதத்தில், ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்கும் வசதியான பகுதிப் பள்ளிகளுக்கும் இடையிலான நிதி வேறுபாடு பொது அரசமைப்பை மீறவில்லை என்று டெக்சஸ் வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சில நாட்களிலேயே, ஏப்ரல் தொடக்கத்தில், நியூ ஜெர்சியின் உச்ச நீதிமன்றம் தன் மாநில அரசமைப்பிலுள்ள கல்விக் கூறைக் கொண்டு, அத்தகைய நிதிமுறை தன் மாநிலத்தில் செல்லாது என்றது. தலைநகரில் மூடிய வாயில் மாநிலத்தில் திறந்தது. வில்லியம் பிரென்னன் என்னும் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மாநில நீதிமன்றங்கள் இந்த வழியை அஞ்சாமல் பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தினார்.

இந்தியாவில் அந்த இரண்டாவது வாயில் இல்லையெனினும், அதற்கு ஓரளவு நிகரான ஒன்றை அரசமைப்பின் 226ஆவது பிரிவு உயர் நீதிமன்றங்களுக்குத் தந்துள்ளது. நீதிப்பேராணை எனப்படுவது, அரசையோ அதிகாரியையோ ஒன்றைச் செய்யும்படியோ செய்யாதிருக்கும்படியோ நீதிமன்றம் இடும் உயர்நிலை ஆணை. உச்ச நீதிமன்றம் 32ஆவது பிரிவின்கீழ் அடிப்படை உரிமைகளுக்காக மட்டுமே அதனைப் பிறப்பிக்க இயலும். உயர் நீதிமன்றமோ அடிப்படை உரிமைகளுக்காகவும், அவை அல்லாத சட்டவழி உரிமைகளுக்காகவும் பிறப்பிக்கலாம். ஊராட்சிச் சட்டம் ஒரு குடிமகனுக்கு அளிக்கும் உரிமை அடிப்படை உரிமையன்று; ஆயினும் அது மீறப்பட்டால் அவர் நேரே உயர் நீதிமன்றப் படியேறலாம். இந்த அகன்ற அதிகாரத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் குடியரசின் முதல் ஆண்டிலேயே பயன்படுத்தியது. கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையை 1950இல் அது செல்லாததாக்கியது. 1951இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அதன் விளைவாகவே அதே ஆண்டு அரசமைப்பின் முதலாவது திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்கான சிறப்பேற்பாடுகளுக்கு இடம் தந்தது. அந்தத் தீர்ப்பைச் சமூகநீதியின் நோக்கில் ஏற்க இயலாதவர்களும், ஓர் உயர் நீதிமன்றத்தின் வாசிப்பு நாட்டின் மூலச்சட்டத்தையே திருத்தச் செய்தது என்னும் வரலாற்றை மறுக்க இயலாது.

அந்தச் சென்னை உயர் நீதிமன்றமே புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம். புதுச்சேரியை இந்தியாவிடம் சட்டப்படி ஒப்படைக்கும், பிரெஞ்சு அரசுடனான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று முழுச் செயல்வடிவம் பெற்ற பிறகு, அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய நிர்வாகச் சட்டம் அந்நீதிமன்றத்தின் ஆள்வரையைப் புதுச்சேரிக்கு நீட்டியது; நடைமுறையிலிருந்த பிரெஞ்சுக் காலச் சட்டங்கள், மாற்றப்படும் வரை தொடரும் என்றும் கூறியது. இதனால் சென்னையின் நீதிபதிகளுக்கு அதுவரை அறிமுகமற்ற ஒரு சட்டமரபும் வந்து சேர்ந்தது. 1881ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணையின்படித் தம் குல, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான்கள் எனப்பட்டனர். இந்து திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்குப் பொருந்தா என்று அச்சட்டங்களிலேயே சேர்க்கப்பட்ட உட்பிரிவுகள் இன்றும் உள்ளன. ஒரே தெருவில் அடுத்தடுத்து வாழும் இரு குடும்பங்களின் பாகப்பிரிவினை வெவ்வேறு சட்டநூல்களின்படி நடக்கக்கூடிய நிலம் அது. இந்தப் பன்மைக்குத் தக்கபடி தீர்ப்புரைக்கும் பொறுப்பை ஏற்ற நீதிமன்றம், புதுச்சேரியின் ஆட்சியுரிமை பற்றிய வழக்குகளிலும் அதே நுண்மையைக் காட்டியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையன்று.

புதுச்சேரிக்கென்று ஒரு மூலச்சட்டம் உண்டெனில், அது 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசங்கள் அரசுச் சட்டம். 1962இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 239அ பிரிவு, நாடாளுமன்றம் சாதாரணச் சட்டமொன்றின் வழியே சில யூனியன் பிரதேசங்களுக்குச் சட்டமன்றமும் அமைச்சரவையும் அமைக்கலாம் என்றது. அந்த வழியில் பிறந்ததே இச்சட்டம். சட்டமன்றம் எவ்வளவு பேரைக் கொண்டது, அமைச்சரவையின் அறிவுரையைத் துணைநிலை ஆளுநர் எப்போது ஏற்க வேண்டும், கருத்து வேறுபட்டால் குடியரசுத் தலைவருக்கு எவ்வாறு அனுப்ப வேண்டும் என்பவையெல்லாம் இதில் அடங்கியுள்ளன. ஆனால் மாநில அரசமைப்புக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. அமெரிக்க மாநிலமொன்றின் அரசமைப்பை அம்மாநில மக்களே திருத்தலாம். புதுச்சேரியின் மூலச்சட்டத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றும் அதிகாரம்கூடப் புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கு இல்லை. ஆகவே அதன் மௌனங்களுக்கு நீதிமன்றம் என்ன பொருள் தருகிறதோ அதுவே மக்களின் ஆட்சியுரிமையின் அளவாகிவிடுகிறது.

இதன் விளைவு 2017க்குப் பிறகு வெளிப்படையாகத் தெரிந்தது. 30 தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களோடு, மூன்று பேருக்கு மிகாமல் மத்திய அரசு நியமிக்கலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. யாரைக் கலந்து நியமிக்க வேண்டும் என்று கூறவில்லை. 2017 ஜூலையில் மத்திய அரசு புதுச்சேரி அமைச்சரவையைக் கேளாமல் மூவரை நியமித்தபோது, அந்த மௌனத்துக்குள் அமைச்சரவையின் உரிமை அடங்கியிருக்கிறதா என்பதே வழக்காயிற்று. 2018 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், அடங்கியிருக்கவில்லை என்றன. நியமன உறுப்பினர்கள் வாக்களிக்கவும் செய்யலாம் என்றன. 2021 பிப்ரவரி 22 அன்று முதலமைச்சர் வி. நாராயணசாமியின் அமைச்சரவை பெரும்பான்மையை இழந்து பதவி விலகிய நேரத்தில், அவையிலிருந்த எதிரணி உறுப்பினர் 14 பேரில் மூவர் இந்த நியமன உறுப்பினர்கள். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் எதிரணி 11 பேர். ஆளும் அணி பேரவைத் தலைவர் உட்பட 12 பேர். ஒரு சட்டக்கூறின் மௌனத்தை நிரப்பிய வாசிப்பு, ஓர் ஆட்சியின் ஆயுளைத் தீர்மானிக்கும் எண்ணாக மாறியது.

துணைநிலை ஆளுநரின் அதிகாரம் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றத்துக்குள்ளேயே இரு வாசிப்புகள் மோதின. 2019 ஏப்ரல் 30 அன்று நீதிபதி ஆர். மகாதேவன், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் அன்றாடப் பணிகளில் துணைநிலை ஆளுநர் தலையிட இயலாது என்று தீர்ப்பளித்தார். 2020 மார்ச்சில் தலைமை நீதிபதி ஏ.பி. சாஹி தலைமையிலான அமர்வு அத்தீர்ப்பை நீக்கியது. இரண்டு தரப்பும் ஒரே சட்டத்தைத்தான் படித்தன. முந்தையது, மக்களாட்சி என்பது சட்டத்தின் ஒவ்வொரு கூறுக்கும் பின்னணியாக நிற்க வேண்டும் என்று கருதியது. பிந்தைய முடிவு, யூனியன் பிரதேசத்தின் மீது மத்திய அரசுக்குள்ள மேலாண்மைக்கு முதலிடம் தந்தது. உரிமையை விரிவாக வாசிக்க வழியிருக்கும்போது குறுக்கி வாசிப்பது, தனக்கென அரசமைப்பு இல்லாத ஒரு சிறு நிலத்து மக்களுக்கு இழைக்கப்படும் இழப்பு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஆயினும் இந்த மேல்தட்டு வழக்குகளைவிட, தவளக்குப்பம், வில்லியனூர், பாகூர் போன்ற ஊர்களின் மக்களை நேரடியாகத் தொடுவது இன்னோர் உரிமை. அது தம் உள்ளாட்சியைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை. கொம்யூன் என்னும் பிரெஞ்சுச் சொல் புதுச்சேரித் தமிழில் நிலைத்துவிட்ட சொல். 1880 மார்ச் 12ஆம் நாளைய பிரெஞ்சு ஆணையால் இங்கே கொம்யூன்கள் அமைக்கப்பட்டு, அவற்றுக்கு மேர் எனப்பட்ட தலைவரும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் வந்தனர். வாக்குரிமை தொடக்கத்தில் இனவாரிப் பட்டியல்களாகப் பிளவுபட்டு, முறைகேடுகள் மலிந்ததாக இருந்தது உண்மையே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே அது வயதுவந்தோர் அனைவருக்கும் பொதுவாயிற்று. ஆனால் இந்தக் கொம்யூன் உறுப்பினர்களே இந்நிலத்தின் வரலாற்றைத் திருப்பினர். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி, இந்தியாவுடன் இணைவதா என்று வாக்களித்த 178 பேரும் பிரதிநிதிகள் சபையையும் கொம்யூன் சபைகளையும் சேர்ந்தவர்கள். 170 பேர் இணைவுக்கு ஆதரவளித்தனர், எண்மர் எதிர்த்தனர். அதே ஆண்டு நவம்பர் முதல் நாளில் ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. ஊர்ச்சபைகளின் வாக்கால் குடியரசுக்குள் வந்த நிலம் இது.

அந்த ஊர்ச்சபைகள் பின்னர் அடைந்த நிலை வருத்தத்துக்குரியது. 1968இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு 38 ஆண்டுகள் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 1973இல் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. ஊர் அளவில் கிராமப் பஞ்சாயத்தும் அவற்றுக்கு மேல் கொம்யூன் பஞ்சாயத்தும் என இரண்டு அடுக்குகளை அது வகுத்தது. ஆனால் மக்கள் வாக்களிக்கவில்லை. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம், ஊராட்சிகளை மாநில அரசுகளின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல் அரசமைப்பின் கட்டளையாக்கியது. ஊராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு, அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று 243உ பிரிவு ஆணையிடுகிறது. ஊராட்சிகளைப் பற்றிய அரசமைப்புப் பகுதி யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்தும் என்று வேறொரு பிரிவு தெளிவாக்குகிறது. அதற்குப் பின்னும் 13 ஆண்டுகள் கழித்தே, 2006இல், 98 கிராமப் பஞ்சாயத்துகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் ஐந்து நகராட்சிகளும் தேர்தலைக் கண்டன. 2011இல் அந்தச் சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரவில்லை. கொம்யூன் அலுவலகத்தின் முழுப் பொறுப்பும் ஆணையர் என்னும் அரசு அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தது.

இதன் பொருளை ஒரு தெருவின் அளவில் காணலாம். தவளக்குப்பத்தில் ஒரு தெருவிளக்கு எரியவில்லை, வடிகால் அடைத்துக்கொண்டு மழைநீர் வாசலில் தேங்குகிறது, வீட்டுவரி கணக்கிட்டதில் பிழையிருக்கிறது எனில், வார்டு உறுப்பினர் என்று சொல்லி அணுகத்தக்க, அடுத்த தேர்தலில் அதே தெருவுக்கு வந்து வாக்குக் கேட்க வேண்டிய ஒருவர் இல்லை. குடியிருப்பவர் அரியாங்குப்பத்திலுள்ள கொம்யூன் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோக வேண்டும், அல்லது சட்டமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். சட்டமியற்றுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சாக்கடைக்கும் பொறுப்பேற்கிறார். சாக்கடைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர் இல்லாமலே போகிறார். மகளிருக்கும் பட்டியல் சாதியினருக்கும் அரசமைப்பு உறுதியளித்த இடங்களும் அவரோடு இல்லாமல் போகின்றன என்பது அதிகம் பேசப்படாத இழப்பு.

நீதிமன்றங்களின் வாசிப்பு இங்கேதான் தீர்மானகரமாகிறது. வாக்குரிமை என்ன வகை உரிமை என்னும் கேள்விக்கு 1952 ஜனவரியிலேயே ஒரு விடை வந்தது. நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளப்பட்ட என்.பி. பொன்னுசாமி சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி, அங்கே தோற்று, உச்ச நீதிமன்றம் சென்றார். தேர்தலில் நிற்பதும் வாக்களிப்பதும் சட்டம் தந்த உரிமைகள், ஆகவே சட்டம் காட்டும் வழியில், தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் மனுவாகவே குறை கேட்க வேண்டும், நடுவில் நீதிமன்றம் தலையிடலாகாது என்று தீர்ப்பாயிற்று. உள்ளாட்சித் தேர்தலுக்கும் இதே தடையை அரசமைப்பே விதிக்கிறது. பின்னர் 2000இல் உச்ச நீதிமன்றம், கேரளத் தேர்தல் தொடர்பான வழக்கொன்றில், இந்தத் தடையின் எல்லையை வரைந்தது. தேர்தலை முன்னெடுத்துச் செல்ல உதவும் ஆணையை நீதிமன்றம் இடலாம். தேர்தலை நிறுத்தும் அல்லது தாமதப்படுத்தும் ஆணையை இடுவதில் மிகுந்த தயக்கம் வேண்டும். 2006இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில், ஐந்தாண்டுக் கெடுவைக் காக்கும் கடமையிலிருந்து தேர்தல் ஆணையம் நழுவ இயலாது என்றும் கூறியது.

ஆனால் உயர் நீதிமன்றங்களின் முன் வரும் வழக்குகள் பெரும்பாலும் கெடுவைப் பற்றியவையாக இருப்பதில்லை; இடஒதுக்கீட்டைப் பற்றியவையாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பை, பழங்குடியினருக்கான ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்னும் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. நீதியின் நோக்கம் சரியானது. விளைவோ, ஊரகத் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர் வரையிலும், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி வரையிலும் தள்ளிப்போயிற்று. அந்த ஆண்டுகளில் பழங்குடியினரும் இல்லை, வேறெவரும் இல்லை, அதிகாரிகளே ஊராட்சிகளாக இருந்தனர்.

புதுச்சேரியிலும் அதுவே நடந்தது. தொகுதி மறுவரையறையை முடித்துத் தேர்தலை நடத்தும்படி 2018இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்திய பிறகு, 2021இன் பிற்பாதியில் தேர்தல் அட்டவணை வெளிவந்தது. வார்டுகளின் ஒதுக்கீடு குறித்து உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்தன, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டு மறு அட்டவணை வந்தது, பிற்படுத்தப்பட்டோர், பழங்குடியினர் ஒதுக்கீடுகளை அரசு நீக்கியது, அதை எதிர்த்து மீண்டும் வழக்கு, தேர்தல் நின்றது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.கே. சசிதரன் தலைமையில் தரவு திரட்டும் ஆணையம் அமைந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு உள்ளாட்சியில் இடம் ஒதுக்க வேண்டுமெனில் தனி ஆணையத்தின் ஆய்வு, ஊர்வாரியான அளவு, மொத்த ஒதுக்கீடு 50 விழுக்காட்டைத் தாண்டாமை ஆகிய மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று 2021 மார்ச்சில் மகாராஷ்டிர வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதே இதற்குப் பின்னணி. 2016 டிசம்பரில்தான் இருளர் சமூகத்தினர் புதுச்சேரியின் பழங்குடியினராக முதன்முறை அறிவிக்கப்பட்டனர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அவர்களுக்கு உள்ளாட்சியில் கிடைத்திருக்கக்கூடிய முதல் நாற்காலியும் இந்த வழக்குகளுக்குள் சிக்கிக்கொண்டது.

இரு உரிமைகள் மோதும்போது ஒன்றை மற்றொன்றின் காத்திருப்பாக மாற்றிவிடுவதே இந்த வாசிப்பின் குறை. உரிய இடஒதுக்கீடு வேண்டும் என்பது உண்மையான உரிமை; ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பதும் உண்மையான உரிமை. முன்னதைச் செம்மையாக்குவதற்காகப் பின்னதைக் காலவரையின்றி ஒத்திவைக்கும்போது, முன்னதும் நடைமுறையில் கிடைப்பதில்லை; நடக்காத தேர்தலில் எவருக்கும் ஒதுக்கீடு இல்லை. இந்தச் சிக்கலுக்கு விடை 2022 மே 10 அன்று மத்தியப் பிரதேச வழக்கில் வந்தது. தொகுதி மறுவரையறையோ மூன்று நிபந்தனைகளின் ஆய்வோ முடியவில்லை என்பது தேர்தலைத் தள்ளிப்போடும் காரணமாகாது. பட்டியல் சாதி, பழங்குடி ஒதுக்கீடு தவிர்ந்த இடங்களைப் பொது இடங்களாக அறிவித்துத் தேர்தலை நடத்தலாம். அரசியல் கட்சிகள் விரும்பினால் அந்தப் பொது இடங்களிலும் பிற்படுத்தப்பட்டோரை நிறுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறி, இந்த ஆணை எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்தும் என்றது. பிற்படுத்தப்பட்டோருக்கு இது முழு நீதியன்று என்னும் எதிர்ப்பு வலுவானது. ஆனால் அவர்களுக்காகத் தரவு திரட்டும் பணியை ஓர் அரசு எத்தனை ஆண்டும் நீட்டலாம் என்று விட்டுவிடுவது அதைவிடக் குறைந்த நீதி.

ஆகவே தவளக்குப்பத்தின் ஒரு வாக்காளர் இன்று சென்னை உயர் நீதிமன்றத்திடம் கேட்கத்தக்கது, இடஒதுக்கீட்டுப் பட்டியலின் சரிபிழைகளைப் பற்றிய நெடிய விசாரணை அன்று. 226ஆவது பிரிவின்கீழ், செயலுறுத்தும் நீதிப்பேராணையாக, மாநிலத் தேர்தல் ஆணையமும் புதுச்சேரி அரசும் 243உ பிரிவின் கெடுவை மீறியிருப்பதைச் சுட்டி, 2022 மே ஆணையில் காட்டப்பட்ட முறைப்படி, அரியாங்குப்பம் கொம்யூனுக்கும் அதன் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் தேர்தல் நாளைக் குறித்து அறிவிக்கும்படி, அந்த நாளையும் ஆணையிலேயே எழுதும்படி அவர் கேட்கலாம். ஒதுக்கீட்டில் பிழையிருந்தால் அதற்கான தேர்தல் மனுக்களை, தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகள் பணியாற்றிக்கொண்டிருக்கும்போதே தேர்தல் தீர்ப்பாயம் விசாரிக்கலாம்.